எங்கே வைத்தாலும் ஏறும் என்றார்கள்

போன மே மாதம் அம்மாவை ஊரில் விடுவதற்காகச் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். கியருக்கு முன்னால் இருக்கும் கறுப்பு ரப்பர் தட்டில் என் போன் கிடந்தது. வயர்லெஸ் சார்ஜர். வண்டி வாங்கியபோது ஷோரூம் பையன் சன்ரூஃபுக்கு அடுத்தபடியாகப் பெருமையாகக் காட்டியது அதைத்தான். மேப் ஓடிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடி வழியாக வெயில் நேராக அதன் மேலேயே விழுந்தது. செங்கல்பட்டு தாண்டும்போது திரையில் மின்னல் குறி இருந்தது, திண்டிவனத்திலும் இருந்தது. விழுப்புரம் பைபாஸில் டீக்கு நிறுத்தி போனை எடுத்தால் உள்ளங்கையில் வைத்திருக்க முடியாத சூடு. சார்ஜோ, கிளம்பும்போது இருந்ததைவிடக் குறைவு.

பின்சீட்டிலிருந்து அம்மா, “அதுக்குத்தான் ஒயர் இருக்குல்ல, குத்திவிட வேண்டியதுதானேப்பா?” என்றார். இது வைத்தாலே ஏறும் என்றேன். “எங்க ஏறுது? இறங்கிட்டுல்ல இருக்கு.”

பதில் சொல்ல முடியவில்லை. நான் வேலை பார்ப்பது இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும் செய்யும் இடத்தில். ஒரு சர்க்யூட்டின் திறனை 92 சதவீதத்திலிருந்து 94 ஆக்குவதற்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டம் நாங்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ சூடாக்கிக் காற்றில் விட்டுவிட்டு, அதற்கு ‘வசதி’ என்று பெயர் வைத்து விற்கும் ஒரு பொருளைப் பார்த்தால் எங்களுக்கு இயல்பாகவே எரிச்சல் வரும். எனக்கு நெடுநாளாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தப் பயணத்தின் முடிவில் ஸ்ரீரங்கத்தில் பார்த்த ஒரு விஷயம் அந்த எரிச்சலை நிம்மதியாக இருக்கவிடவில்லை. எரிச்சல் போய்விடவில்லை, இன்னும் இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

சுருளுக்கு எதிரே சுருள்

கார் விஷயத்தில் வெயில் மட்டும் குற்றவாளி அல்ல. தட்டு போனைவிடப் பெரியது, அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஸ்பீட் பிரேக்கரிலும் போன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1831இல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தாரே, அங்கே போக வேண்டும். ஒரு சுருளில் மின்சாரம் மாறினால் இன்னொன்றில் மின்சாரம் எழும். நம் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் அதுதான். அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைக் குறுக்கே அறுத்து ஒரு பாதியை மேசை மேலும் மறுபாதியை போனின் முதுகுக்குள்ளும் வைத்தால் வயர்லெஸ் சார்ஜிங். தெருவில் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதை இங்கே 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டுகிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருளையும் கட்டிப்போட ஒரே இரும்பு உண்டு. இங்கே நடுவில் இருப்பதெல்லாம் கண்ணாடியும் பிளாஸ்டிக் கவரும் காற்றும்தான். இடைவெளி சில மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மையமும் மையமும் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

விலகினால் உடனே நின்றுவிடாது. நின்றால்கூடத் தேவலை. போன் பேடிடம், அதாவது சார்ஜர் தட்டிடம், பேசிக்கொண்டே இருக்கும். தன் சுமையை, அதாவது தான் இழுக்கும் மின்சாரத்தை, லேசாக ஏற்றி இறக்கி, அந்த அசைவையே செய்தியாக்கி, நொடிக்கு இரண்டாயிரம் பிட் வேகத்தில் ‘இன்னும் கொடு’, ‘குறை’, ‘போதும்’ என்று சொல்லும். தனியாக ரேடியோ எதுவும் வேண்டாம், மின்சாரம் வரும் வழியிலேயே பேச்சும் போகிறது. இந்த ஒரு விஷயத்துக்காக இதை வடிவமைத்தவர்களுக்கு எழுந்து நின்று கை தட்டுவேன். சிக்கல் என்னவென்றால், போன் விலகிக் கிடக்கும்போதும் அது ‘இன்னும் கொடு’ என்றுதான் கேட்கும். பேடும் சுருளில் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஏறுவதில் கணிசமான பங்கு சூடாக மாறும். சூடு எல்லை தாண்டியதும் போனே பேட்டரியைக் காப்பாற்றச் சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குள் மேப் தின்பது வருவதைவிட அதிகமாகிவிடும். மின்னல் குறி மட்டும் விசுவாசமாக எரிந்துகொண்டிருக்கும்.

முளையை எடுத்துவிட்டார்கள்

எலக்ட்ரிக் டூத் பிரஷ் வைத்திருப்பவர்கள் அதன் சார்ஜரைக் கவனித்திருப்பார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் முளை நீட்டிக்கொண்டிருக்கும், பிரஷ்ஷின் அடியில் அதற்கேற்ற குழி. போன்களுக்கு வயர்லெஸ் சார்ஜிங் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாத்ரூமில் ஓடிக்கொண்டிருந்த அதே தொழில்நுட்பம்தான். தண்ணீர் படும் இடத்தில் உலோகப் பின் கூடாது என்பதால் வந்தது. அந்த முளையில் உட்கார வைத்தால் சுருளுக்குள் சுருள் தானாகப் பொருந்திவிடும். வேறு எங்கும் வைக்க முடியாது. ‘எங்கே வேண்டுமானாலும் வைக்க விடவில்லையே’ என்று எந்தப் பல் துலக்குபவரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை.

போன்களுக்கு வந்தபோதும் தொடக்கம் சரியாகத்தான் இருந்தது. 2009இல் வந்த பாம் ப்ரீ போனுக்கு டச்ஸ்டோன் என்று ஒரு சாய்வான சார்ஜர் உண்டு. உள்ளே காந்தம். போனைக் கிட்டே கொண்டுபோனால் பிடித்துக்கொள்ளும். பாமின் கதை சீக்கிரமே முடிந்துவிட்டதால் அதைப் பார்த்த கண்களும் குறைவு. 2008இல் தொடங்கிய வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற கம்பெனிகள் கூட்டமைப்பு 2010இல் க்யூஐ என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரநிலையின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் போனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர மூன்று வழிகளுக்கு இடம் இருந்தது. காந்தம் வைக்கலாம், போன் இருக்கும் இடத்தைத் தேடிச் சுருளே நகர்ந்து போகலாம், அல்லது பேடு முழுக்கச் சுருள்களைப் பரப்பிவிடலாம். இரண்டாவது வழியை 2011இல் ஜப்பானில் பானசோனிக் நிஜமாகவே செய்து விற்றது. போனை எங்கே வைத்தாலும் மோட்டார் சுருளை இழுத்துக்கொண்டு அதன் அடியில் போய் நிற்கும். ஒயர் குத்தும் ஒரு விநாடி வேலையை மிச்சப்படுத்த மோட்டார்!

2012இல் வந்த நெக்சஸ் 4க்கான சார்ஜர் அரைக்கோளம் போல அழகாக இருக்கும், மேற்பரப்பு சாய்வு. போனின் முதுகோ கண்ணாடி. ராத்திரி வைத்த போன் காலையில் நழுவிக் கிடந்ததாகப் புகார்கள் வந்தன. அடுத்த ஆண்டு சதுரமாக ஒன்று வந்தது, உள்ளே காந்தத்தோடு. பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது என்றுதான் நினைப்போம். ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம் சந்தையில் குவிந்தவை காந்தமில்லாத வட்டத் தட்டுகளே. இடையில் எந்தத் தரநிலை ஜெயிக்கும் என்று கம்பெனிகளுக்குள் ஒரு சண்டையும் நடந்தது. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் மேசைகளில் எதிரணியின் சார்ஜர்கள் பதிக்கப்பட்டன. 2017இல் ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் இரண்டும் க்யூஐ பக்கம் வந்ததும் அது முடிந்தது.

என் கண்ணில் இந்தக் கதையின் திருப்பம் வேறு. அதே 2017 செப்டம்பர் மேடையில் ஆப்பிள் ஏர்பவர் என்று ஒரு நீள்வட்ட விரிப்பைக் காட்டியது. போன், வாட்ச், இயர்போன் டப்பா மூன்றையும் அதன் மேல் எங்கே வேண்டுமானாலும் போடலாம். ‘எங்கே வைத்தாலும்’ என்ற கனவின் உச்சம் அது. மறுவருஷம் என்றார்கள், மறுவருஷமும் போயிற்று. 2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ஏர்பாட்ஸ் பெட்டியில் அந்த விரிப்பின் படம்கூட அச்சாகியிருந்தது. அந்த மாதம் 29ஆம் தேதி, எங்கள் தரத்தை இது எட்டாது என்று ஓர் அறிக்கை விட்டுத் திட்டத்தையே கைவிட்டார்கள். சுருள் மேல் சுருளாக அடுக்கிய எந்த விரிப்புக்கும் என்ன கஷ்டம் வரும் என்பதை எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றின் காந்தப் புலம் பக்கத்துச் சுருளில் போய் மின்சாரத்தைக் கிளப்பும், தேவையில்லாத இடமெல்லாம் சூடாகும். காசுக்கும் மூளைக்கும் பஞ்சமில்லாத இடம் அது. அவர்களாலும் ஃபாரடேயிடம் பேரம் பேச முடியவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, 2020 அக்டோபரில், அதே கம்பெனி ஐபோன் 12இன் முதுகுக்குள் காந்தங்களை வளையமாகப் பதித்துக்கொண்டு வந்தது. எங்கே வேண்டுமானாலும் என்ற பேச்சே இல்லை. இங்கேதான், இந்த ஒரே இடத்தில்தான், காந்தம் பார்த்துக்கொள்ளும். 2023இல் அந்த வளையம் க்யூஐ2 என்ற பொதுத் தரநிலைக்குள் வந்தது. டூத் பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய முளையைப் பத்து வருஷம் சுற்றிவந்து, கண்ணுக்குத் தெரியாத முளையாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். துளையில்லாத ப்ளக் என்று சொல்லியிருந்தால் எனக்கு முதல் நாளே புரிந்திருக்கும். அப்படிச் சொன்னால் விற்காது என்பதும் புரிகிறது.

ரிச்சி தெரு பேடும் திருப்பதி டாலரும்

அம்மாவுக்குக் கூப்பிட்டால் சில சாயங்காலங்களில் ஸ்விட்ச் ஆஃப் என்று வரும். கேட்டால் “சார்ஜ் இல்லப்பா” என்பார். மறந்துவிடுகிறார் என்றே நானும் தங்கையும் நினைத்துக்கொண்டிருந்தோம். நினைவூட்ட அலாரம்கூட வைத்துக் கொடுத்தோம். அன்று திருச்சி வெயிலில் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மாடி வீட்டுப் பெண் காலேஜ் விட்டு வந்தாள். படியேறப் போனவள் நின்று, “பாட்டி, ஊர்லேருந்து வந்துட்டீங்களா? போனக் குடுங்க” என்று கையை நீட்டினாள். அம்மாவும் கொடுத்தார். அவள் உள்ளே போய் ப்ளக் பாயிண்டில் மாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இருவருக்கும் இது தினசரி வழக்கம் என்பது அந்தச் சாவகாசத்திலேயே தெரிந்தது.

அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி வளைந்து கொஞ்ச காலமாகிறது. கோலம் போடுவதை நிறுத்தியது தெரியும். பூ கட்டுவதை நிறுத்தியதும் தெரியும். அந்தச் சின்னத் துளையில் பின்னைக் குத்த முடியாமல், கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை பின்னை வளைத்து, கடைசியில் மாடி வீட்டுப் பெண் வரும்வரை காத்திருப்பது எங்களுக்குத் தெரியாது. அவள் ஊருக்குப் போயிருந்த நாட்கள்தான் எங்களுக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ நாட்களாக இருந்திருக்கின்றன. ஏம்மா சொல்லலை என்றதற்கு, “இதெல்லாம் ஒரு விஷயமாப்பா?” என்றார். டைப்-சி வந்தபோது எப்படித் திருப்பிக் குத்தினாலும் போகும் என்று கொண்டாடினோமே, திருப்புவது அல்ல, குத்துவதே சிலருக்கு முடியாத காரியம் என்று எங்கள் மீட்டிங்குகளில் யாரும் சொன்னதாக நினைவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் ரிச்சி தெருவில் பெயரில்லாத ஒரு பேடும், போனின் முதுகில் ஒட்டும் ரிசீவர் அட்டை ஒன்றும் வாங்கினேன். அம்மாவின் போன் நடுத்தர விலைப் போன், அதில் சுருள் கிடையாது. இந்த அட்டையைக் கவருக்குள் வைத்து அதன் வாலை டைப்-சி துளையில் நிரந்தரமாகச் சொருகிவிடலாம். அடுத்த முறை ஊருக்குப் போனபோது எல்லாம் பொருத்தி, அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். வைத்தார். பேடில் சிவப்பு விளக்கு மினுக்கியது. எடுத்து வைத்தார், மறுபடி சிவப்பு. கவரைக் கழற்றினால், நான் ஒட்டிய அட்டைக்கு மேல் ஒரு பத்து ரூபாய் நோட்டும் திருப்பதி டாலர் ஒன்றும். நான் கழற்றி மாட்டிய இடைவெளியில் பெருமாள் பத்திரமாகத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சிவப்பு விளக்கு நல்ல விளக்கு. நடுவில் உலோகம் இருந்தால் புலம் அதற்குள் சுழல் மின்சாரத்தைக் கிளப்பிச் சுட வைத்துவிடும். அதனால் போன் தனக்கு வந்துசேர்ந்த மின்சாரம் எவ்வளவு என்று அவ்வப்போது சொல்ல, பேடு தான் அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், மளிகைக் கடைக்காரர் சாயங்காலம் கல்லாவைக் கணக்குப் பார்ப்பதுபோல. துண்டு விழுந்தால் கடையைச் சாத்திவிடும். மலிவுப் பேடில் அந்தக் கணக்கு ஒழுங்காக இருந்ததில் எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் போன் கவர் என்பது பாதிப் பர்ஸ். நோட்டு, சிம் பின், மெட்ரோ கார்டு, சாமி படம் எல்லாம் அங்கேதான் இருக்கும். இவற்றில் நோட்டும் காகிதப் படமும் பரவாயில்லை, சில்லு பதித்த கார்டுகளை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். சார்ஜர் அட்டைப்பெட்டியில் இதைத் தமிழில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

டாலர் பர்ஸுக்குப் போயிற்று. அடுத்த தொல்லை இடம். கை நடுங்குவதால் ஒரு நாள் சரியாக விழும், ஒரு நாள் அரை அங்குலம் தள்ளி விழும். தள்ளி விழுந்த நாளில் காலையில் போன் சூடாகவும் காலியாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் அட்டையை வெட்டி ஒட்டி, போன் வந்து முட்டி நிற்க ஒரு தடுப்பு கட்டினேன். கட்டி முடித்துவிட்டுப் பார்க்கும்போதுதான் நான் செய்துவைத்திருப்பது டூத் பிரஷ் முளை என்பது உறைத்தது.

தங்கை புதுப் போன் வாங்கியதும் அவளுடைய பழைய ஐபோன் 12 அம்மாவிடம் வந்தது. காந்தப் பேடு ஒன்றைக் கட்டில் பக்கத்து அலமாரியில் செங்குத்தாகப் பொருத்தினேன். போனை எடுக்கும்போது பேடும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் ஸ்க்ரூ போட்டே மாட்ட வேண்டியிருந்தது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அம்மா போனைத் தோராயமாக அந்தப் பக்கம் நீட்டினால் போதும், கடைசி ஒரு சென்டிமீட்டரைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. கை நடுங்கினாலும், இருட்டாக இருந்தாலும், கண்ணாடி போடாவிட்டாலும் ஒரே இடம்தான். “பிடிச்சுக்கிச்சு” என்றார் முதல் முறை. ஸ்விட்ச் ஆஃப் குரல் அதற்குப் பிறகு வருவதில்லை. மாடி வீட்டுப் பெண் இப்போதும் படியேறுமுன் நின்று பேசிவிட்டுத்தான் போகிறாள், போனைக் கேட்பதில்லை.

வீண் எவ்வளவு?

தொழில் புத்தி விடவில்லை, கணக்குப் போட்டேன். 5000 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரி என்பது ஏறக்குறைய 19 வாட்-அவர். ஒயரில் ஏற்றினால் சுவரிலிருந்து 25 வரை எடுக்கும் என்றும், பேடில் ஏற்றினால் 35 எடுக்கும் என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டேன். நாளுக்குப் பத்து வாட்-அவர் வீண், ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட் என்பதால் வருஷத்துக்கு மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். யூனிட் ஐந்தாறு ரூபாய் என்றால் இருபது ரூபாய்ச் சொச்சம். ஒரு பழைய சீலிங் ஃபேன் இரண்டு நாள் ஓடினால் ஆகும் செலவு. இத்தனை வருஷம் நான் பொருமியது இந்த இருபது ரூபாய்க்கு. கோடிக்கணக்கான போன்களால் பெருக்கினால் பெரிய எண் வரும்தான், ஆனால் அதே பெருக்கலை ஏசிக்கும் கீசருக்கும் போட்டால் இது கண்ணுக்கே தெரியாது.

சூடு வேறு விஷயம், அதில் நான் இறங்கி வரமாட்டேன். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஐபோன்களை 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். திருச்சியில் சித்திரை மாத மத்தியானத்துக்கு இதை யார் போய்ச் சொல்வது? அம்மாவின் போன் கோடையில் 80 சதவீதத்தோடு நின்றுவிடுவது உண்டு. இன்னும் ஏற்றினால் சூடு தாங்காது என்று அதுவே நிறுத்திக்கொள்கிறது. ராத்திரி, ஃபேன் காற்று படும் இடம், தடித்த கவர் கூடாது, இவ்வளவுதான் நான் போட்டிருக்கும் நிபந்தனை. காரில் இருப்பதை நான் இப்போது கூலிங் கிளாஸ் வைக்கப் பயன்படுத்துகிறேன்.

துளை இருக்கட்டும்

காந்தம் ஜெயித்ததும், துளையையே எடுத்துவிடலாமே என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. 2019இல் மெய்ஸு என்ற சீனக் கம்பெனி துளையே இல்லாத போன் ஒன்றைக் காட்டி, இணையத்தில் முன்பதிவு திரட்டிப் பார்த்தது. வைத்த இலக்கில் பாதிகூட வரவில்லை. ஐரோப்பாவில் 2024 முடிவிலிருந்து போன்களுக்கு டைப்-சி கட்டாயம். ஆனால் வயர்லெஸ்ஸில் மட்டுமே சார்ஜ் ஆகும் சாதனம் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. கதவு சாத்தப்படவில்லை என்பதால்தான் பேச்சும் ஓயவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாங்கள் வேளச்சேரியில் இருந்தோம். தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மாடியில் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து ஒழுங்காகச் சார்ஜ் இருந்த பவர் பேங்க் ஒன்றே ஒன்று. 10,000 மில்லி ஆம்பியர்-அவர், அதாவது 37 வாட்-அவர். ஒயரில் ஏற்றினால் ஒன்றரை போன் நிறையும். மேலே வைத்து ஏற்றுகிற ரகமாக மட்டும் அது இருந்திருந்தால் ஒரு போனோடு முடிந்திருக்கும். மீதி அரை போன் சார்ஜ் என்பது அன்றைக்குப் பாலுக்கும் படகுக்கும் எத்தனை அழைப்புகள் என்று எல்லோருக்கும் தெரியும். வருஷத்துக்கு இருபது ரூபாய் என்று நான் போட்ட கணக்கு சுவரில் கரண்ட் இருக்கும்வரைதான் செல்லும்.

அதனால் அம்மாவின் கட்டில் டிராயரில் ஒரு லைட்னிங் ஒயர் போட்டிருக்கிறேன். அந்தப் போனுக்கு வீட்டிலிருக்கும் மற்ற ஒயர்கள் பொருந்தாது. பவர் பேங்க்கை மாதம் ஒருமுறை நிரப்பி வைக்கும் வேலையை மாடி வீட்டுப் பெண் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.